செய்திப் பலகை

எங்கள் பள்ளியின் வாயிலைக் கடந்ததும் முதலில் கண்ணில் படுவது தலைமையாசிரியர் அறையன்று. அதற்கு எதிரே வேப்பமரத்தடியில் இரண்டு கல்தூண்களுக்கு நடுவே பொருத்தப்பட்டிருந்த கரும்பலகையே. நாள்தோறும் காலை மணியடிப்பதற்கு முன்பு அதில் அன்றைய செய்திகள் எழுதப்பட்டிருக்க வேண்டும். 1980ஆம் ஆண்டு ஜூன் மாதம் நான் ஒன்பதாம் வகுப்புக்கு வந்த நாள்முதல் அந்தப் பணி என்னுடையதாயிற்று. என் கையெழுத்து திருத்தமாக இருந்தது என்று ஆசிரியர்கள் காரணம் கூறினார்கள். என் வீடு பள்ளிக்கு அருகில் இருந்தது என்பதே மெய்யான காரணம் என்று இன்றும் நினைக்கிறேன்.

வள்ளியூர் திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் இருக்கிறது. மேற்கே மகேந்திரகிரி. ஊருக்குள் குன்றைக் குடைந்தமைந்த முருகன் கோயில். ஆனி, ஆடி மாதங்களில் மலைக் கணவாய் வழியே வரும் காற்று ஒரு நிமிடமும் ஓயாது. நான் எழுதும்போதே சுண்ணக்கட்டியின் தூள் என் கண்ணில் விழும். காற்றுக் காலத்தில் பலகையை இரண்டு முறை எழுத நேர்ந்த நாள்களும் உண்டு. வேப்பம்பூவும் சருகும் பறந்து வந்து பலகையில் உரசி, பிரதமரின் பெயரில் பாதியை அழித்துவிட்டுப் போகும்.

செய்திகளுக்கு எனக்கு இருந்த ஊற்று, நெடுஞ்சாலையோரத் தேநீர்க்கடையின் வானொலிப்பெட்டி. காலை 7.15 மணிக்கு டெல்லியிலிருந்து தமிழ்ச் செய்தி ஒலிபரப்பாகும். சரோஜ் நாராயணசாமியின் குரல் கேட்டதும் கடையில் கண்ணாடிக் குவளைகளின் ஓசைகூடத் தணிந்துவிடும். நான் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொள்வேன். அங்கேயே கிடக்கும் நாளிதழிலிருந்து அணைகளின் நீர்மட்டத்தையும் எடுத்துக்கொள்வேன். எங்கள் மாவட்டத்தில் நாளிதழை விரிப்பவர் முதலில் தேடுவது அதைத்தான். பாபநாசம் அணையின் உச்ச அளவு 143 அடி. மணிமுத்தாறு அணையின் உச்ச அளவு 118 அடி. இவ்விரண்டு எண்களும் பாடப்புத்தகத்தில் இல்லாமலே எங்களுக்கு மனப்பாடம். தாமிரபரணி எங்கள் ஊர் வழியே ஓடவில்லை. எங்களுடையது கிணற்றையும் குளத்தையும் நம்பிய வறண்ட பகுதி. இருந்தும், அணையில் நீர் ஏறினால் எங்கள் ஊரார் முகத்திலும் ஒரு தெளிச்சி வரும். ஆறு இல்லாத ஊருக்குத்தான் ஆற்றின்மேல் அக்கறை மிகுதி போலும்.

பலகைக்குப் பொறுப்பாசிரியர் எங்கள் தமிழையா. 1978ஆம் ஆண்டு அக்டோபரில் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிட்டிருந்தது. பெரியார் தம் ‘குடிஅரசு’ இதழில் 1935ஆம் ஆண்டிலேயே கையாளத் தொடங்கிய அவ்வெழுத்து முறை அப்போதுதான் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தது. ணை, லை, னை போன்ற எழுத்துகள் யானையின் துதிக்கை போன்ற தம் பழைய கொம்பை இழந்து, இன்று நாம் எழுதும் வடிவைப் பெற்றன. தமிழையா ஆணையை மதித்தார். வகுப்பில் புதிய வடிவத்தையே கற்பித்தார். ஆனால் அவருடைய கை மதிக்கவில்லை. நான் எழுதிய பலகையில் அவர் ஏதேனும் திருத்தினால் அவ்விடத்தில் மட்டும் துதிக்கை வளைந்து நிற்கும். ‘அணை நிலை’ என்னும் இரண்டு சொற்களில் ஒன்று பழையதாகவும் மற்றொன்று புதியதாகவும் இருந்த நாள்கள் பல. தலைமையாசிரியர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

பலகையின் வலப்புறம் ஒரு முழம் அகலத்துக்குக் கோடிட்டு, ‘பள்ளிச் செய்தி’ என்று தலைப்பிட்டிருந்தோம். காணாமற்போன அளவுகோல், கைப்பந்துப் போட்டி, தோட்டத்தில் காய்த்த முதல் பூசணி, விடுப்பில் சென்ற ஆசிரியர், காவலாளியின் பசு ஈன்ற கன்று ஆகியவையெல்லாம் அங்கே இடம்பெறும். மாணவர்கள் உலகச் செய்தியை ஒரு கண்ணால் பார்த்துவிட்டு, பள்ளிச் செய்தியை இரண்டு கண்ணாலும் படிப்பார்கள். தன் பெயர் அதில் வந்தால் ஒருவன் அன்று முழுவதும் அந்தப் பக்கமாகவே நடமாடுவான். இதைக் கண்டு எனக்குச் சிறிது செருக்கும் வந்திருந்தது. எவன் பெயர் வரவேண்டும் என்பது என் கையிலிருந்த சுண்ணக்கட்டியைப் பொறுத்தது அல்லவா?

1981ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒருநாள், சிறப்புக் கட்டணம் செலுத்தாத மாணவர்களின் பட்டியல் அலுவலகத்திலிருந்து வகுப்புத் தலைவர்களுக்கு வந்தது. அக்காலத்தில் கல்விக் கட்டணம் இல்லை. சிறப்புக் கட்டணம் என்று சில ரூபாய் மட்டும் செலுத்த வேண்டும். எங்கள் வகுப்பில் ஐந்து பெயர்கள். அதை வகுப்பில் படித்துவிட்டுத் திருப்பித் தருவதே வழக்கம். மறுநாள் காலையில் எனக்குப் பள்ளிச் செய்தி எதுவும் கிடைக்கவில்லை. வெற்றிடமாக விடுவது இழுக்கு என்று தோன்றியது. எவரும் சொல்லாமல், எவரையும் கேட்காமல், அந்த ஐந்து பெயர்களையும் அழகான எழுத்தில் வரிசையாக எழுதினேன்.

மூன்றாம் பெயர் என் வகுப்புத் தோழனுடையது. என் பக்கத்து இருக்கைக்காரன். நாலு மைல் தொலைவிலிருந்து நடந்து வருபவன். அவன் தந்தை பனையேறுபவர். அவன் வாயிலைக் கடந்து வந்ததையும், மரத்தடியில் நின்றதையும், படித்ததையும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. புத்தகப் பையைத் தோளில் சரிசெய்துகொண்டு வந்த வழியே திரும்பிப் போனான். ஓடவில்லை, வேகமாகக்கூட நடக்கவில்லை. ஏதோ மறந்துவிட்டதை எடுத்துவரப் போகிறவன்போலப் போனான்.

சற்று நேரத்தில் தமிழையா வந்தார். பலகையைப் பார்த்தார். துடைப்பானைத் தேடாமல், தம் தோளில் கிடந்த துண்டாலேயே அந்தப் பகுதியைத் துடைத்தார். வெள்ளைத் துண்டு சாம்பல் நிறமாயிற்று. என்னை வைவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்: “இது யாருக்குடே சேதி?”

எனக்கு விடை தெரியவில்லை. கட்டணம் செலுத்தாதவனுக்கு அது முன்பே தெரியும். அலுவலகத்துக்கும் தெரியும். மற்றவர்களுக்கு அது எதற்கு? அன்று பகல் முழுவதும் இதையே எண்ணிக்கொண்டிருந்தேன் என்று எழுதினால் அது பொய். பகல் முழுவதும் நான் எண்ணியதெல்லாம், அவன் மறுநாள் வந்து எல்லோர் முன்னிலையிலும் என்னை என்ன சொல்வான் என்பதைத்தான். அவன் மறுநாளும் வரவில்லை; அடுத்த வாரமும் வரவில்லை.

பங்குனி பிறந்துவிட்டது. பனங்காட்டில் பதநீர் இறங்கும் பருவம். ஒரு சனிக்கிழமை தமிழையா தம் மிதிவண்டியின் பின்னால் என்னை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். எங்கே போகிறோம் என்று அவர் சொல்லவுமில்லை, நான் கேட்கவுமில்லை. சாலை முடிந்து வண்டித்தடம் தொடங்கியதும் இறங்கி நடந்தோம். கண்ணுக்கெட்டிய தொலைவுவரை பனைகள். அவற்றினிடையே ஓலை வேய்ந்த ஒரு விடிலி. பருவம் முடியும்வரை பனையேறுவோர் குடும்பம் முழுவதும் இத்தகைய விடிலியில்தான் இருக்கும். உள்ளே பெரிய அடுப்பில் பதநீர் கொதித்துக்கொண்டிருந்தது. அவன் தாய் துடுப்பால் கிண்டிக்கொண்டே எங்களைப் பார்த்து, “வாத்தியாரையா, வாங்க. இப்படி நிழல்ல இரிங்க” என்றார். வரிசையாகச் சிரட்டைகள் மணலில் பதித்து வைக்கப்பட்டிருந்தன. பாகு பதமானதும் அவற்றில் ஊற்றினால் ஆறிக் கருப்பட்டியாகும்.

அவன் இரண்டு கைகளிலும் பதநீர்க் கலயங்களுடன் வந்தான். என்னைக் கண்டதும் நின்றான். கலயங்களை இறக்கி வைத்தான். பின்பு ஓலையை மடித்துப் பட்டை பிடித்து, முதலில் ஐயாவுக்கும் அடுத்து எனக்கும் பதநீர் ஊற்றிக் கொடுத்தான். நான் கொண்டுசென்ற மன்னிப்புச் சொற்கள் எல்லாம் அந்தப் பட்டையோடு சேர்ந்து தொண்டையில் இறங்கிவிட்டன. அவனாகவே பேசத் தொடங்கினான். அவன் தந்தை ஒரு நாளில் முப்பது, நாற்பது மரங்களில் காலையும் மாலையும் ஏறி இறங்குகிறார் என்றான். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும் என்றான். பாளையை ஒருநாள் சீவாமல் விட்டாலும் அது நீர் சுரப்பதை நிறுத்திவிடும். அதனால் பனைக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது என்றான். கருப்பட்டி விற்றுப் பணம் வந்ததும் கட்டணத்தைச் செலுத்திவிடலாம் என்றுதான் இருந்தோம் என்பதை, இவற்றுக்கு இடையே, தரையைப் பார்த்துக்கொண்டு ஒருமுறை சொன்னான்.

திரும்பும் வழியில் தமிழையா, “இவ்வளவு சேதி இருக்குல்லா, ஒன்னையாவது நீ எழுதியிருக்கியா?” என்றார். அவ்வளவுதான். அக்கட்டணத்தை யார் செலுத்தினார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. ஐவர் பெயரும் பட்டியலிலிருந்து நீங்கின.

அவன் ஆண்டுத் தேர்வுக்கு வந்தான். அந்த ஏப்ரல் மாதத்தில்தான் திருநெல்வேலிக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. மாதக்கணக்கில் சல்லி கொட்டி, தண்டவாளம் பதித்ததை வேடிக்கை பார்த்த ஊர் அது. நாங்கள் தேர்வுக்குப் படித்ததைவிட ரயிலுக்குக் காத்திருந்ததே மிகுதி. அவன் பலகையின் முன் நின்று, “ரயிலப் பத்தி நான் எழுதட்டுமா?” என்று கேட்டான். சுண்ணக்கட்டியைக் கொடுத்தேன். ‘வள்ளியூருக்கு ரயில் வந்தது’ என்று கோணல்மாணலாக எழுதினான். அதன் கீழே, எவரும் கேளாமலே, கருப்பட்டி விலையையும் எழுதினான். அன்றிலிருந்து பள்ளிச் செய்திக்குப் பக்கத்தில் ‘ஊர்ச் செய்தி’ என்றொரு பகுதி சேர்ந்தது. எந்தக் கிணற்றில் நீர் வற்றியது, எந்தப் பேருந்து நேரம் மாறியது, எந்த ஊரில் கொடை என்பனவற்றை நடந்து வரும் மாணவர்கள் கொண்டுவந்து சேர்த்தார்கள். தேநீர்க்கடை வானொலிக்குத் தெரியாத செய்திகள் அவை.

1982ஆம் ஆண்டு பத்தாம் வகுப்புத் தேர்வில் அவன் என்னைவிட இருபது மதிப்பெண் கூடுதலாகப் பெற்றான். நான் மேல்நிலை வகுப்பில் சேர்ந்தேன். அவன் பம்பாயில் உறவினர் ஒருவருடைய கடைக்கு வேலைக்குப் போனான். தாராவியில் அப்போதே நெல்லைச் சீமையினர் பலர் இருந்தனர். பனை கைவிட்ட குடும்பங்களுக்கு அது ஒரு போக்கிடம். நாங்கள் கொண்டாடி எழுதிய அதே ரயிலில்தான் அவன் ஏறினான். வழியனுப்பச் சென்ற என்னிடம், வண்டி நகரும்போது, “இதப் பலகைல எழுதிராதலே” என்று சிரித்தான். நான் எழுதவில்லை. மறுநாள் பள்ளிச் செய்திப் பகுதி வெறுமையாகவே இருந்தது. தமிழையா அதைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு மாதம் கழித்து அவனிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. கடையின் முகவரி, உடல்நலம் பற்றி ஒரு வரி, மற்றவையெல்லாம் கேள்விகள். அணையில் தண்ணீர் எவ்வளவு? பலகையை இப்போது யார் எழுதுகிறார்கள்? கருப்பட்டி என்ன விலை போகிறது?

உடனே விடை எழுதினேன். அந்த ஜூலை முதல் நாளில்தான் எம்.ஜி.ஆர். அரசு சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. எட்டு வயதான அவன் தங்கை தன் ஊர்த் தொடக்கப் பள்ளியில் நண்பகலில் சாப்பிடுகிறாள் என்பதை முதல் வரியாக வைத்தேன். பாபநாசம், மணிமுத்தாறு அணைகளின் நீர்மட்டத்தை எழுதினேன். பலகையை ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதுகிறாள் என்றும், என் கையெழுத்தைவிட அவள் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்றும் எழுதினேன். அஞ்சலட்டையில் இடம் போதவில்லை. கடைசி வரியில் கருப்பட்டி விலையை எழுதும்போது, ‘லை’யைத் தமிழையாவைப் போலத் துதிக்கை வைத்தே எழுதினேன். அது குறைந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.