ஒரு கண்ணை எடுத்தால் முட்டை வரும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப்போட்ட விஷயம் இது. இறால் தொக்கு சாப்பிட்டுக்கிட்டே படிக்கிறவங்க முதல்ல சாப்பிட்டு முடிச்சிடுங்க :-)

நான் படிப்பது தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி. என் பள்ளி நண்பன் ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவம் படிக்கிறான். போன லீவில் பரீட்சைக்காகப் பன்றியின் சினைச் சுழற்சியை மனப்பாடம் செய்துகொண்டிருந்தான். 21 நாளுக்கு ஒருமுறை பருவம், சினைக்காலம் 114 நாள். "இத கேளு மாப்ள, குட்டி பால் குடிக்கிற வரைக்கும் தாய் பருவத்துக்கே வராது. குட்டியப் பிரிச்சா, நாலுல இருந்து ஏழு நாள்ல வந்துடும்" என்றான்.

குட்டி மடியை முட்டும்போது மூளையில் இருந்து வரும் ஜிஎன்ஆர்ஹெச் அடங்கிவிடுகிறது. அதனால் எல்ஹெச் குறைகிறது, சினைப்பையில் கருமுட்டை முதிர்வதில்லை. அதாவது ஒரு பிரேக். குட்டியைப் பிரித்தால் பிரேக் விடுபடும். பண்ணைக்காரர்கள் இதை வைத்துத்தான் எல்லாப் பன்றிகளையும் ஒரே வாரத்தில் பருவத்துக்குக் கொண்டுவருகிறார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் இறாலுக்கும் ஒரு பிரேக் இருக்கிறது. அது இருப்பது கண்ணில்.

இறாலின் கண் ஒரு சின்னக் காம்பின் மேல் உட்கார்ந்திருக்கும். அந்தக் காம்புக்குள் எக்ஸ் உறுப்பு, சைனஸ் சுரப்பி என்று இரண்டு. சினைப்பை வளர்ச்சியைத் தடுக்கும் ஹார்மோன் அங்கிருந்துதான் வருகிறது. காம்பை எடுத்தால் சினைப்பை சட்டென்று வளரும் என்று 1943-ல் பனூஸ் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி கண்டார். 1970-களில் கேரளாவின் நாரக்கல்லில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் நம் ஊர் இறாலிலும் செய்து காட்டினார்கள். ஒரு கண்ணைத்தான் எடுக்க வேண்டும். தோலுரிப்பு, ரத்தச் சர்க்கரை எல்லாவற்றுக்கும் உத்தரவு அங்கிருந்தே போவதால், இரண்டையும் எடுத்தால் செத்துப்போகும்.

பரீட்சையில் இதை எழுதி முழு மார்க் வாங்கினவன் நான். பயிற்சிக்கு ஒரு இறால் ஹாட்சரிக்குப் போனபோதுதான் கை நடுங்கியது.

அங்கே இருந்தது 2009-க்குப் பிறகு நம் ஊரில் பரவிய வெனாமி. ஈரத்துணியில் ஒரு தாயைப் பிடித்துக் கொடுத்தார் அங்கிருந்த அண்ணாச்சி. "ஓடு கெட்டியா இருக்கான்னு பாரு தம்பி. இப்பத்தான் உரிச்சதுன்னா தாங்காது." காய்ச்சிய இடுக்கியால் ஒரு நொடி. இறால் வாலை ஒரு அடி அடித்தது. அவ்வளவுதான். தண்ணீரில் விட்டதும் மூலைக்கு ஓடிவிட்டது.

வலிக்குமா? மரத்துப்போகும் மருந்து தடவினால் துடிப்பது குறைகிறது என்று ஆய்வுகள் இருக்கின்றன. எனக்கு அது போதுமான பதில்.

"வெட்டாம முடியாதா அண்ணாச்சி?"

"முடியும். தாய் எண்ணிக்கையக் கூட்டணும், தீனி நல்லாப் போடணும். அதுக்கு யாரு காசு குடுப்பா?"

ஸ்டிர்லிங் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றைப் பிற்பாடு படித்தேன். கண் எடுக்காத தாயின் குஞ்சுகள் நோயை இன்னும் நன்றாகத் தாங்குகின்றனவாம். அண்ணாச்சிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை.

ஐந்தாம் நாள் ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தோம். நான் தொட்ட இறாலின் முதுகு நெடுக ஆரஞ்சுப் பட்டை. "ரெடி, தம்பி" என்றார். அன்றிரவே முட்டையிடும் தொட்டிக்கு மாற்றினோம்.