கடிகாரம் சொல்லாதது

போன பனிக்காலத்தில் ஒரு நாள் இரவு, அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். நல்லவேளை, பெரிய அடி இல்லை. ஆனால் அவரால் எழும்ப முடியவில்லை. நான் ஓடிப்போய்த் தூக்கிப் பார்த்தேன். முடியவில்லை. இரண்டாம் முறை இழுத்தபோது என் முதுகு பிடித்துக்கொண்டது. கடைசியில் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுத்தான் அப்பாவைத் தூக்கினோம்.

அதே வாரம்தான் நான் 10 கிலோமீட்டரை 52 நிமிடங்களில் ஓடியிருந்தேன். கையில் கட்டியிருந்த கடிகாரமும் என் உடல்தகுதி மிக நன்று என்று காட்டியது.

கடிகாரம் பொய் சொல்லவில்லை. அது அளந்தது ஒன்றை மட்டும். மென்பொருள் வேலையில் ஐந்து சோதனைகளில் ஒன்றை மட்டும் செய்துவிட்டு 'எல்லாம் சரி' என்று எழுதினால் யாரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். என் உடம்புக்கு நான் செய்தது அதைத்தான்.

அந்த ஐந்தும் என்ன?

முதலாவது, இதயமும் நுரையீரலும் நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும் திறன். ஓட்டம், நீச்சல், சைக்கிள் எல்லாம் இதை வளர்க்கும். என்னிடம் இருந்தது இது ஒன்றுதான்.

இரண்டாவது தசை வலிமை, மூன்றாவது தசையின் தாங்குதிறன். இரண்டும் ஒன்றல்ல. பெரிய அரிசிப் பையைத் தரையிலிருந்து ஒருமுறை தூக்குவது வலிமை. அதையே மூன்றாம் மாடிவரை சுமந்துபோவதற்குத் தாங்குதிறனும் வேண்டும்.

நான்காவது, மூட்டுகள் வளைந்துகொடுக்கும் தன்மை. எண்பது வயது தாண்டிய என் அம்மம்மா கோயிலில் பூசை முடியும்வரை சம்மணம் கட்டி இருப்பார். எனக்குப் பத்து நிமிடத்திலேயே கால் விறைத்துவிடும்.

ஐந்தாவது, உடலில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்பது. இதை நம் பிள்ளைகள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். உடல் நிறைச் சுட்டெண் 25க்குக் கீழே இருந்தால் சரி என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் அதே எடையுள்ள வெள்ளையரைவிடத் தெற்காசியரின் உடலில் கொழுப்பு அதிகமாக இருக்கும், முக்கியமாக வயிற்றைச் சுற்றி. அதனால் ஆசியருக்கு 23இலிருந்தே கவனம் தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சொன்னது. நம் குடும்பங்களில் நீரிழிவும் மாரடைப்பும் எத்தனை பேருக்கு என்று எண்ணிப் பாருங்கள். மெலிந்து தெரிவது மட்டும் போதாது.

பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சியோடு, இரண்டு நாளாவது தசைப் பயிற்சியும் வேண்டும் என்கிறது அதே நிறுவனம். 17 வயதுவரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடங்கள். அதில் வாரம் மூன்று நாளாவது தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் பயிற்சி இருக்க வேண்டும்.

முதுகு சரியானதும் ஓட்டத்தில் இரண்டு நாளைக் குறைத்துக்கொண்டேன். அந்த நாட்களில் பாரம் தூக்குகிறேன், இருந்து எழும்புகிறேன், கடைசியில் உடம்பை நீட்டி வளைக்கிறேன். முதல் வாரம் பதினைந்து தண்டாலுக்கே கை நடுங்கியது. வெட்கமாக இருந்தது, ஆனாலும் விடவில்லை.

ஒரு நாள் அப்பாவும் கதிரையைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டார். மருத்துவரிடம் கேட்டுவிட்டாராம். கையை ஊன்றாமல் பத்துத் தரம் எழும்பி இருந்தார். மூச்சு வாங்கியபடியே சொன்னார்: "நீ என்னைத் தூக்கப் பழகு. நான் நானாகவே எழும்பப் பழகிறன்."