திண்ணையில் விளங்கிய பாடம்

எங்கள் மூத்த மகள் வேதியியல் பட்டப் படிப்பின் முதற் பருவத் தேர்வில் தவறியபோது, அவளுக்கு அறிவியல் வராது என்றே நாங்கள் முடிவு கட்டினோம். படிப்பை நிறுத்தி வரன் பார்க்கலாமா என்றும் பேசினோம். அப்பேச்சு அவள் செவியிலும் விழுந்தது.

பள்ளியில் தமிழ் வழியே பயின்று நன்கு தேறியவள் அவள். கல்லூரியிலோ ஆங்கிலப் பாடத்தைப் பொருளறியாது மனனம் செய்தாள். இரவெல்லாம் தனித்திருந்து படித்தாள். "இன்னும் படி" என்பதன்றி நாங்கள் வேறொன்றும் சொன்னோமில்லை.

ஆசிரியை ஒருவரின் யோசனைப்படி, உடன் பயிலும் தோழியர் இருவருடன் எங்கள் திண்ணையில் அமர்ந்து படிக்கலானாள். ஒருத்தி கேட்பாள், மற்றவள் தமிழில் விளக்குவாள், பின்பு மூவரும் ஆங்கிலத்தில் எழுதுவர்.

இலஞ்சியில் சாரல் வீசிய ஒரு மாலை, கொடியில் துணி காயவில்லையே என்று அலுத்துக்கொண்டோம். "காற்றில் ஈரம் நிறைந்துவிட்டது அம்மா. துணியிலிருந்து போகிற அளவு நீர் திரும்பவும் வந்துவிடுகிறது. இதுதான் சமநிலை" என்றாள். அவள் தவறிய பாடமே அது!

அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக் கழகத்தில் 1970களில் யூரி டிரைஸ்மன் என்பவர் கண்டதும் இதுவே. நுண்கணிதத்தில் பின்தங்கிய கறுப்பின மாணவர்களிடம் ஊக்கம் குறையவில்லை. அவர்கள் தனித்தே படித்தனர். கடினமான கணக்குகளைக் கூடிச் செய்யப் பழக்கியதும் முன்னேறினர்.

எங்கள் மகளும் மறுதேர்வில் தேறினாள். பெற்றோரே, மதிப்பெண்ணைக் கேட்குமுன், பாடம் புரிகிறதா, உடன் படிக்க யார் உளர் என்று கேளுங்கள். நாங்கள் காலந்தாழ்த்தியே கேட்டோம்.