கட்டில் ஆறு, பெல்ட் நாலு

சோதனை, பகுதிநேர வேலை எண்டு ஓடினதில கனநாளா ஒண்டும் எழுதேல்லை. இண்டைக்கு ஒரு கம்பிங் கார் கதை.

அம்மம்மாவை லூர்து மாதாவிட்டைக் கூட்டிக்கொண்டு போகவேணும் எண்டது மாமாவின்ர ஆசை. பரிசிலிருந்து 800 கிலோமீற்றருக்கு மேல. வழியில நிண்டு சமைச்சு, படுத்து எழும்பிப் போக ஒரு பழைய கம்பிங் கார் வாங்கினா என்ன? லாச்சப்பல் தேத்தண்ணிக் கடையில ஆரோ விலாசம் குடுக்க, போன ஞாயிறு பாக்கப் போனம். பிரெஞ்சில கதைக்க நான்.

1998ஆம் ஆண்டு வண்டி. சாரதிக்கு மேல கட்டில் இருக்கிற கப்புசின் வகை. மாமா கேட்ட முதல் கேள்வி: "எத்தினை பேர் படுக்கலாம்?"

ஆறு பேர். மேல ரெண்டு, பின்னால அடுக்குக் கட்டில் ரெண்டு, சாப்பாட்டு மேசையை மடிச்சா ரெண்டு. அம்மம்மாவுக்குக் கீழ்க்கட்டில், பக்கத்திலயே கழிப்பறை. நாங்களும் சரியா ஆறு பேர். மாமாவின்ர முகத்தைப் பாக்கவேணும்!

நான் கார்த் கிறீஸை வாங்கிப் பாத்தன். எஸ்.1 எண்ட இடத்தில 4. சாரதியோட சேத்து நாலு பேர்தான் ஓடேக்கை இருக்கலாம். பக்கவாட்டுச் சோபாவில பெல்ட் இல்லை. அது நிக்கேக்கை இருக்கிற கதிரை.

பாரமும் இடிச்சுது. எஃப்.2 3200 கிலோ, வெறும் வண்டி 2780. மிச்சம் 420. ஆறு பேருக்கே 360 கிலோ வரும். 100 லீற்றர் தண்ணி நிரப்பினா அதிலயே 40 கிலோ கூடிப்போகும். அரிசி, சட்டி பானை எங்க வைக்கிறது?

காஸ் குழாயில அடிச்சிருந்த திகதி எப்பவோ முடிஞ்சுது. காஸ் போத்தல் பெட்டியின்ர அடி ஓட்டையைக் குளிருக்குத் துணியால அடைச்சிருந்தினம். காஸ் காத்தை விடப் பாரம், கசிஞ்சா கீழ்ப்பக்கமாத்தான் வெளியேறவேணும். பின்சுவரை அமத்த விரல் உள்ள போச்சுது, ஈரம். கொந்த்ரோல் டெக்னிக் பேப்பர் ஆறு மாதத்துக்கு உட்பட்டதுதான். ஆனா அதில பிரேக், ரயர், லைற் மாதிரி வண்டிப் பக்கம்தான் பாப்பினம். வீட்டுப் பக்கத்தை நாங்கள்தான் பாக்கவேணும்.

மாமாவுக்குக் கோவம். "ஊரில ஹயஸ் வானில இருவது பேர் போகேல்லையோ? சின்னவளை மாமி மடியில வைச்சிருப்பா."

"மாமா, 90இல போய் சடாரெண்டு பிரேக் பிடிச்சா எந்தக் கையும் பிள்ளையைத் தாங்காது" எண்டன். பதில் இல்லை. ரயிலிலயும் கதைக்கேல்லை. கார் து நோர்ட்டில இறங்கி நடந்து லாச்சப்பல் வரும் வரைக்கும் கதைக்கேல்லை. ஆசையைக் கெடுத்த பாவி நானெண்டு எனக்கே பட்டுது.

நேற்று ராத்திரி ஃபோன். "தம்பி, இன்னொண்டு விலைக்கு வந்திருக்காம். அவனிட்டை எடுத்துக் கேள்."

"என்ன கேக்கிறது மாமா?"

"எத்தினை பெல்ட் எண்டு."

:-)