முயலுக்கு அடைக்கலம் தந்த மலைப் பள்ளத்தாக்கு

பிரிட்டன் தீவின் மேற்குப் பகுதியில் உள்ள வேல்ஸ், மலைக்கும் மழைக்கும் பெயர் பெற்ற நாடு. அதன் வடகிழக்கில் பெர்வின் என்னும் மலைத்தொடர் பரந்து கிடக்கிறது. அதன் மிக உயர்ந்த முகடும் சுமார் 830 மீட்டர் உயரமே. இமயத்தின் கம்பீரமோ பொதிகையின் அடர்ந்த சோலைகளோ இங்கே இல்லை. மரங்களற்ற உருண்ட முகடுகளும், புல்லும் பெரணியும் மூடிய சரிவுகளும், எந்நேரமும் தவழ்ந்து செல்லும் மேகங்களுமே இம்மலையின் அணிகலன்கள். இம்மலையின் தென்புற மடியில், உலகின் ஆரவாரங்கள் யாவும் ஓய்ந்துபோன ஓரிடத்தில், பென்னன்ட் மெலாங்கெல் என்னும் சிறு பள்ளத்தாக்கு அமைந்திருக்கிறது.

‘பென்னன்ட்’ என்றால் வேல்ஸ் மொழியில் ஓடையின் தலைப்பகுதி என்று பொருள். மெலாங்கெல் என்பது ஒரு பெண் துறவியின் திருப்பெயர். பெயருக்கேற்ப, டானட் என்னும் ஆறு இப்பள்ளத்தாக்கின் தலைமாட்டு மலைகளில்தான் பிறக்கிறது. பள்ளத்தாக்கின் கோடியில் பாறைகளின் மீது வெள்ளிக் கோடாக விழும் அருவி மழைக்காலத்தில் பெருகி ஆர்ப்பரிக்கும். பிறகு அந்நீர் மேய்ச்சல் நிலங்களின் நடுவே அமைதியாகக் கிழக்கு நோக்கிச் சென்று, வேறோர் ஆற்றுடன் சேர்ந்து, இறுதியில் செவர்ன் என்னும் பேராற்றில் கலக்கிறது.

இங்கே செல்ல விரும்புவோர் முதலில் லாங்கனோக் என்ற சிற்றூரை அடைய வேண்டும். ஒரு காலத்தில் பலகைக்கல்லும் கருங்கல்லும் ஈயமும் வெட்டியெடுக்கப்பட்ட ஊர் அது. அக்கற்களைக் கொண்டுசெல்வதற்காக 1904-ஆம் ஆண்டு ரயில் பாதையும் வந்தது. தொழில் நலிந்தபின் ரயிலும் நின்றுபோயிற்று. அவ்வூரிலிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தூரம், ஒரே ஒரு வண்டி மட்டும் செல்லக்கூடிய குறுகிய பாதை பள்ளத்தாக்கிற்குள் நுழைகிறது. இருபுறமும் புதர்வேலிகள், அவற்றுக்கு அப்பால் ஆட்டு மந்தைகள். செல்லச் செல்ல மலைகள் நெருங்கி வருகின்றன. பாதை முடியும் இடத்தில், வட்டமான மதிற்சுவருக்குள் ஒரு சிறிய கற்கோயில் தென்படுகிறது. சுற்றிலும் கடைவீதி இல்லை, ஊரும் இல்லை.

இக்கோயில் கிறிஸ்தவர்களின் வழிபாட்டிடம். கட்டடம் பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆனால் இவ்விடத்தின் புனிதம் அதனினும் தொன்மையானது. மதிலுக்குள் நிற்கும் யூ மரங்களே அதற்குச் சான்று. ஊசியிலைகள் கொண்ட இம்மரங்கள் மிக மெதுவாக வளர்பவை. இவற்றுள் சில இரண்டாயிரம் ஆண்டுகளைக் கடந்தவை என்று மதிப்பிடுவோர் உண்டு. அடிமரம் உள்ளீடற்றுப் பிளந்தபோதிலும் மேலே பசுமை குன்றாது நிற்கும் இம்மரங்கள், அங்கே வரும் முதியோரின் கண்களை முதலில் ஈர்த்துவிடுகின்றன.

மெலாங்கெல் அயர்லாந்து நாட்டின் அரச குலத்தில் பிறந்தவர் என்கிறது தலபுராணம். தந்தை திருமணத்திற்கு ஏற்பாடு செய்தபோது, இல்லற வாழ்வை விரும்பாத அவர் கடல் கடந்து வந்து, இந்த மலைக்காட்டில் தனித்துத் தவம் புரிந்தாராம். பள்ளத்தாக்கின் ஒருபுறத்துச் சரிவில் உள்ள பாறைத் திண்ணையை ‘மெலாங்கெல்லின் படுக்கை’ என்று இன்றும் காட்டுகிறார்கள். பதினைந்து ஆண்டுகள் அவர் மனித முகத்தையே காணாமல் வாழ்ந்தார் என்பது வழிவழி வரும் செய்தி.

கி.பி. 604-ஆம் ஆண்டில், பவிஸ் நாட்டின் அரசனான ப்ரோக்வெல் வேட்டையாடிக்கொண்டு இப்பக்கம் வந்தான் என்று அக்கதை தொடர்கிறது. அவனுடைய நாய்கள் ஒரு முயலைத் துரத்தின. முயல் முட்புதருக்குள் பாய்ந்தது. பின்தொடர்ந்த அரசன் அங்கே கண்டது, கண்மூடிப் பிரார்த்தனையில் ஆழ்ந்திருந்த ஓர் இளம்பெண்ணை. அவருடைய ஆடையின் மடிப்புக்குள் புகுந்துகொண்ட முயல், அஞ்சாமல் வெளியே எட்டிப் பார்த்தது. அரசன் நாய்களை ஏவினான். அவையோ ஊளையிட்டுப் பின்வாங்கின. கொம்பூத முனைந்த வேட்டைக்காரனின் உதட்டிலேயே கொம்பு ஒட்டிக்கொண்டதாம்.

புறாவைக் காக்கத் தன் தசையை அறுத்தளித்த சிபியின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இக்கதை அயலாகத் தோன்றாது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே அடைக்கலம் தந்தவன் அரசன். அவனிடம் நாடும் படையும் இருந்தன. இங்கே வேட்டையாட வந்தவனே அரசன். அடைக்கலம் தந்தவரிடமோ உடுத்திய ஆடையைத் தவிர வேறொன்றும் இல்லை. அந்த ஆடையே கோட்டையாயிற்று. ப்ரோக்வெல் தன் பிடிவாதத்தை விட்டான். அந்தப் பள்ளத்தாக்கையே அவருக்கு அளித்து, அஞ்சி ஓடிவரும் எவ்வுயிருக்கும் அது புகலிடமாக விளங்கட்டும் என்று ஆணையிட்டான். அதன்பின் முப்பத்தேழு ஆண்டுகள் மெலாங்கெல் அங்கே வாழ்ந்தார். அவரை நாடி வந்த பெண்களைக் கொண்டு துறவியர் சமூகமும் உருவாயிற்று.

இது வெறும் கதையோடு நின்றுவிடவில்லை. அவ்வட்டார மக்கள் முயல்களை ‘மெலாங்கெல்லின் ஆட்டுக்குட்டிகள்’ என்று அழைத்தனர். பல நூற்றாண்டுகள் வரை அங்கே முயலைக் கொல்ல எவரும் துணிந்ததில்லை. நாய் துரத்தும் முயலைக் கண்டால், இறைவனும் மெலாங்கெல்லும் உனக்குத் துணையிருக்கட்டும் என்று உரக்கக் கூவுவார்கள். அது தப்பிவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. வேட்டையைப் பெருமையாகக் கருதிய நாட்டில், ஒரு பள்ளத்தாக்கு மட்டும் தன் வாக்கைக் காத்துவந்தது.

அடைக்கலம் தந்த கோயிலுக்கும் சோதனைக் காலம் வந்தது. மெலாங்கெல்லின் திருவெலும்புகளைத் தாங்கிய, தூண்கள் மீதமைந்த கற்பேழையை நாடி இடைக்காலத்தில் யாத்திரிகர்கள் திரளாக வந்தனர். பதினாறாம் நூற்றாண்டில் பிரிட்டனில் சமயச் சீர்திருத்தம் நிகழ்ந்தபோது, புனிதர் வழிபாடு தடைசெய்யப்பட்டது, பேழையும் கலைக்கப்பட்டது. ஆனால் அதன் சிற்பக் கற்கள் அழிந்துவிடவில்லை. அவை கோயிற்சுவரிலும் நுழைவாயிலிலும் சாதாரணக் கற்களோடு கற்களாக வைத்துக் கட்டப்பட்டு, நூற்றாண்டுகள் மறைந்திருந்தன. இருபதாம் நூற்றாண்டில் அவற்றை அடையாளம் கண்டு, ஒவ்வொன்றாக எடுத்துப் பேழையை மீண்டும் எழுப்பினார்கள்.

1980-களில் கோயில் இடிந்துவிழும் நிலையை எட்டியது. இவ்வளவு ஒதுக்குப்புறமான இடத்தில், வழிபட ஊரே இல்லாத கோயிலைப் பழுதுபார்ப்பது எதற்கு என்ற கேள்வி எழுவது இயல்பே. ஆயினும் ஒரு பாதிரியாரும் அவர் மனைவியும் முன்னின்று உழைத்தனர். அகழாய்வில் வெளிப்பட்ட பழைய அடித்தளத்தின் மீதே கீழ்க்கோடிச் சுவர் வட்ட வடிவில் மீண்டும் எழுந்தது. 1992-ஆம் ஆண்டு திருப்பணி நிறைவேறியது. அதன்பின் நோயுற்றோரும், குறிப்பாகப் புற்றுநோயால் வருந்துவோரும், ஆறுதல் தேடி வரும் இடமாகவும் இது மலர்ந்தது. முயலுக்கு வாய்த்த அடைக்கலம் மனிதருக்கும் வாய்த்தது.

கோயிலின் உள்ளே, பதினைந்தாம் நூற்றாண்டு மரத்தட்டியில் அரசனும் முயலும் மெலாங்கெல்லும் சிற்பமாக நிற்கின்றனர். பேழையின் அருகே வேண்டுதல்கள் எழுதிய சீட்டுகள் வைக்கப்பட்டிருக்கும். உடல் நலம், பிள்ளைகளின் வாழ்வு, பிரிந்தோரின் அமைதி என மனிதரின் வேண்டுதல்கள் எந்நாட்டிலும் ஒன்றுபோலவே இருக்கின்றன.

கால்வலு உள்ளவர்களுக்கு, பான்ட் லோகெல் என்னும் இடத்திலிருந்து இக்கோயில் வரை சுமார் 24 கிலோமீட்டர் நீளும் யாத்திரைப் பாதையும் உண்டு. வயல்களையும் காடுகளையும் கடந்து அது மலைமீது ஏறி இறங்குகிறது. முதியோர் வண்டியிலேயே கோயில் வாசல் வரை வந்துவிடலாம். மே மாதத்தில் ஆட்டுக்குட்டிகள் துள்ளும்; மெலாங்கெல்லின் திருநாளும் மே 27 அன்றே வருகிறது. ஆகஸ்ட் மாதத்தில் ஹெதர் செடிகள் பூத்து மலைமுகடுகள் ஊதா நிறம் கொள்ளும். எக்காலத்திலும் மழைக்கான ஆடை கையில் இருப்பது நலம்.

யூ மரத்தின் அடியில் சற்று நேரம் அமர்ந்தால், தொலைவில் அருவியின் ஓசையும் அருகில் ஆடுகளின் குரலும் கேட்கும். எதிர்ச்சரிவில் மெலாங்கெல்லின் பாறைத் திண்ணை மழையில் நனைந்தவாறு தெரியும்.