நீர் மறுக்கும் செடிகள்

ஜேட் என்று நாற்றுப்பண்ணைகளில் நமக்கு விற்கப்படுவது ஒரு செடியன்று, இரண்டு. நாணயம் போல் தடித்து, வெயில் பட்டால் விளிம்பு சிவக்கும் பெரிய இலைகளை உடையது ஒன்று. தாவரவியலார் அதனைக் கிராசுலா ஒவாட்டா என்பர். செம்பழுப்புத் தண்டில் சிறு நகமளவு இலைகள் எதிரெதிராக அமைந்தது மற்றொன்று. அது போர்ட்டுலகேரியா ஆஃப்ரா. இரண்டும் தென்னாப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்டவை. ஆனால் ஒரே குடும்பத்தைச் சார்ந்தவையல்ல. நம் ஊர்க் கோடையில் முன்னது முகம் சுளிக்கும், பின்னது தழைக்கும். வாங்கும்போதே இந்த வேறுபாட்டை அறிந்துகொள்வது நல்லது. விற்பவர் பெரும்பாலும் சொல்வதில்லை.

இவற்றுக்கு நல்ல தமிழ்ப்பெயர் ஒன்று சூட்ட வேண்டுமென்று நண்பர்கள் கேட்பதுண்டு. எங்களுக்கு அதில் பெரிய ஆர்வமில்லை. பெயர் தானாக ஒட்ட வேண்டும். 'கட்டிப்போட்டால் குட்டிபோடும்' என்று ரணகள்ளிக்கு ஒரு பெயர் உண்டல்லவா? இலையைப் பறித்துக் கட்டித் தொங்கவிட்டாலும் அதன் விளிம்பிலிருந்து கன்றுகள் முளைக்கும். மடகாஸ்கரிலிருந்து வந்த செடிக்கு யாரோ ஒரு கிராமத்து மனிதர் வைத்த பெயர் அது. எந்தக் கலைச்சொல்லாக்கக் குழுவும் அதை எட்டிவிட முடியாது.

சதைப்பற்றுள்ள செடிகளை வீட்டுக்குள் கொண்டுவருவது தமிழ் மனத்துக்கு எளிதான செயலன்று. கள்ளி நமக்குப் பாலைநிலத்துச் செடி, இடுகாட்டின் செடி. புறநானூற்றில் சுடுகாட்டைக் காட்ட வேண்டிய இடத்தில் கள்ளி படர்ந்து நிற்கும். பாலை பாடிய பெருங்கடுங்கோ குறுந்தொகையில் ஒரே ஓர் இடத்தில் அதற்குக் கருணை காட்டுகிறார். கள்ளிக்காட்டில் ஆண்பல்லி தன் துணையை அழைக்கும் ஒலி, பொருள் தேடிச் சென்றவனுக்குத் தலைவியை நினைவூட்டாதா என்று கேட்கிறது அந்தப் பாட்டு. இக்காலத்திலோ கள்ளிப்பால் என்ற சொல், பிறந்த பெண்மகவுகளுக்கு ஊற்றப்பட்ட நஞ்சாகவே செய்தித்தாள்கள் வழியாக நம் செவியில் விழுந்தது. வகுப்பில் கள்ளி என்றவுடன் மாணவியர் முகங்களில் முதலில் தோன்றுவது பெருங்கடுங்கோவின் பல்லியன்று. (அமெரிக்காவிலிருந்து வந்த சப்பாத்திக்கள்ளிக்கும் சங்கக் கள்ளிக்கும் உறவேதுமில்லை என்பதை இடையில் சொல்லிவைக்கலாம். சங்கக் கள்ளி பால் உடையது. சப்பாத்திக்கள்ளியில் பால் கிடையாது.)

ஆகவே, எங்கள் வீட்டில் மூத்தவரான அம்மா, "முள்ளும் பாலும் உள்ளது வீட்டுக்கு ஆகாது" என்று விதித்தபோது நாங்கள் வாதிடவில்லை. ஜேட் செடியில் முள்ளுமில்லை, பாலுமில்லை. தேர்வில் வென்று அது மாடிக்கு ஏறியது. ஐந்தாண்டுகளில் இருபத்திரண்டு தொட்டிகளாயின.

பராமரிப்பு என்று சொல்ல அதிகமில்லை. அடியில் துளையுள்ள மண்தொட்டி வேண்டும். பீங்கான் கிண்ணங்கள் அழகு, ஆனால் நீர் தேக்கிக் கொல்பவை. செம்மண் ஒரு பங்கு என்றால் உடைத்த செங்கற்பொடியும் பருமணலும் சேர்ந்து இரு பங்கு. தென்னைநார்க் கழிவைக் கண்டபடி சேர்ப்பவர்கள் ஐப்பசியில் வருந்துவார்கள். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் நீர். வெட்டிய கிளையை உடனே நடக்கூடாது. வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டும்வரை நான்கைந்து நாள் நிழலில் கிடக்கட்டும். இலைக்கணுக்களில் மாவுப்பூச்சி பஞ்சுபோல் ஒட்டினால் வேப்பெண்ணெய் கலந்த நீரில் துணியை நனைத்துத் துடைக்கலாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன் தொட்டிகள் கூரையடிக்கு வந்துவிட வேண்டும்.

இவ்வளவும் நாங்கள் முறையாகச் செய்துவந்தோம். செடிகள் அழுகியது வேறு வழியில். அம்மாவுக்கு எண்பத்தொரு வயது. நினைவு மங்கத் தொடங்கியிருந்தது. காலை ஆறு மணிக்கு மாடியேறிச் செடிகளுக்கு நீர் ஊற்றுவார். ஏழரைக்கு, "வெயில்ல வாடிக் கெடக்கே, யாருமே ஊத்தலையா?" என்று மறுபடி குடத்தை எடுப்பார். மாலைக்குள் நான்கு முறை. ஊற்றியது அவருக்கு நினைவில்லை; ஊற்ற வேண்டும் என்பது மட்டும் மறக்கவில்லை. அறுபதாண்டுகள் மல்லிகைக்கும் முருங்கைக்கும் ஊற்றிய கை அது. கிராசுலாக்களின் அடித்தண்டு கறுத்து, தொட்டால் குழைந்து, ஒரு மாதத்தில் ஒன்பது தொட்டிகள் போயின.

மருத்துவர் மாடிக் கதவைப் பூட்டச் சொன்னார். விழுந்துவிடுவார் என்ற அச்சம் நியாயமானதுதான். பூட்டிய முதல் நாள் அம்மா கதவருகில் நாற்காலி போட்டு நண்பகல்வரை உட்கார்ந்திருந்தார். உணவு வேண்டாமென்றார். இரண்டாம் நாளே பூட்டை எடுத்துவிட்டு, படிக்கட்டுக்குக் கைப்பிடியும் அவர் ஏறும்போது உடன் ஏற ஒருவரும் என்று ஏற்பாடு செய்துகொண்டோம். எஞ்சிய கிராசுலாக்களை அவர் கைக்கு எட்டாத உயரத்துக்கு மாற்றினோம். கீழே கனகாம்பரமும் கல்வாழையும் வந்தன. எத்தனை முறை ஊற்றினாலும் குடித்துக்கொள்பவை. போர்ட்டுலகேரியா ஒன்று மட்டும், செங்கல்துண்டே பெரும்பகுதியாக நிறைந்த தொட்டியில், அவருடைய வழியிலேயே இருக்கிறது.

அதனை அங்கேயே வைக்க ஒரு காரணம் உண்டு. தரங்கம்பாடிக்கு மொரேவிய மறைப்பணியாளராக வந்து, பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளரானவர் பெஞ்சமின் ஹைனே. ரணகள்ளியின் இலை விடியலில் புளிக்கிறது, நண்பகலில் சுவையற்றுப் போகிறது, மாலையில் சற்றே கசக்கிறது என்று அவர் 1813இல் ஒரு கடிதத்தில் எழுதினார். இலண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் 1815இல் அது அச்சாயிற்று. 1819இல் அவர் சென்னையில் மறைந்தார். இச்செடிகள் பகலில் இலைத்துளைகளை மூடி நீரைக் காக்கின்றன. இரவில் திறந்து கரியமில வாயுவை உள்வாங்கி, மாலிக் அமிலமாகச் சேமிக்கின்றன. பகலில் அந்த அமிலம் செலவாகிறது. விடியற்காலைப் புளிப்பின் விளக்கம் அதுதான். ஹைனேக்கு அவ்விளக்கம் கிட்டவில்லை, நாக்கு இருந்தது.

ரணகள்ளியைச் சுவைத்துப் பார்ப்பது தகாது, அதில் நச்சுப்பொருள்கள் உண்டு. போர்ட்டுலகேரியாவின் இலையைத் தென்னாப்பிரிக்காவில் மனிதர்களும் உண்பர், யானைகளும் உண்ணும். யானை முறித்துப் போட்ட கிளைகளே அங்கு வேர்விட்டுப் பரவுகின்றன. ஒரு விடியலில் இரண்டு இலைகளைக் கழுவி அம்மாவிடம் கொடுத்தோம். மென்றுவிட்டு, "புளியாரை" என்றார். நாற்பதாண்டுகளாக அந்தச் சொல்லை அவர் வாயில் நாங்கள் கேட்டதில்லை. வரப்போரம் முளைப்பது, துவையலுக்கு ஆகும், தன் அப்பாவுக்குப் பிடிக்கும் என்று தொடர்ந்து சொன்னார். மாலையில் அதே செடியின் இலையைக் கொடுத்தபோது, "இது வேற. சப்புன்னு இருக்கு" என்று திருப்பித் தந்தார்.

இப்போதெல்லாம் ஏறியதும் முதலில் அந்தத் தொட்டிக்குத்தான் போகிறார். அவர் கை எட்டும் பக்கத்துக் கிளைகளில் இலைகள் குறைந்துவிட்டன. தொட்டியைத் திருப்பி வைத்திருக்கிறோம்.