நடுவில் நிற்கும் ‘இட்’

இங்கிலீஷில் நெடுங்காலம் எனக்குப் பயம் தந்தவை பெரிய சொற்கள் அல்ல. ‘எக்ஸ்டிங்குவிஷ்’, ‘எக்ஸ்பெல்’, ‘எக்ஸ்ட்ராக்ட்’ என்று லத்தீன் வழி வந்தவற்றை எழுத்துப் பிசகாமல் எழுதுவேன். தமிழ்வழியில் படித்து, இங்கிலீஷைப் புத்தகத்திலிருந்தே கற்று, பிறகு அதையே பள்ளியில் சொல்லிக்கொடுக்க வந்தவள் நான். என்னைத் தயங்கவைத்தவை ‘புட்’, ‘டேக்’, ‘லெட்’, ‘அவுட்’ போன்ற சின்னஞ்சிறு சொற்கள். தீயை அணைப்பதும் ‘புட் அவுட்’, குப்பைத் தொட்டியை வாசலில் கொண்டுபோய் வைப்பதும் ‘புட் அவுட்’. இவற்றுக்கு நடுவே ‘இட்’டோ ‘ஹிம்’மோ வர வேண்டுமென்றால், எங்கே வைப்பது என்ற யோசனையில் பேச்சே நின்றுவிடும். வாய் தானாகப் பெரிய சொல்லின் பக்கம் ஒதுங்கிக்கொள்ளும்.

இந்தப் பயம் எனக்கு மட்டும் உரியதல்ல என்று பின்னால்தான் தெரிந்தது. 1755-ல் வெளிவந்த தம் அகராதியின் முன்னுரையில் சாமுவேல் ஜான்சன், வினைச்சொல்லோடு இப்படிச் சிறுசொல் சேர்ந்து பொருள் மாறுவதுதான் அயல்மொழிக்காரர்களுக்கு மிகப் பெரிய சிரமம் என்று எழுதியிருக்கிறார். இத்தகைய சேர்க்கைக்கு ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்ற பெயர் பரவியது அதற்கு வெகு காலம் கழித்து, லோகன் பியர்சல் ஸ்மித் 1925-ல் எழுதிய புத்தகத்துக்குப் பிறகு. பெயர் வருவதற்கு 170 ஆண்டுகள் முன்பே சிரமம் பதிவாகியிருக்கிறது.

பணி ஓய்வுக்குப் பின், வெளிநாட்டு வேலைக்குத் தயாராகும் நர்ஸ்களுக்கு நாகர்கோவிலில் மாலை வகுப்பு எடுக்கிறேன். அங்கேதான் இந்தச் சிறுசொற்களோடு நேருக்கு நேர் நின்றேன். மருத்துவச் சொற்கள் எல்லாம் அந்தப் பெண்களுக்கு அத்துப்படி. ஆனால் கையில் செருகிய கேன்யூலா குழாய் வலிக்கும் நோயாளி ‘ரிமூவ்’ என்று சொல்வது அபூர்வம். ‘டேக் இட் அவுட்’ என்பார், அதையும் ஒரே மூச்சில்.

விதி எளிது. பொருளின் பெயரைச் சொன்னால் ‘டேக் அவுட் தி நீடில்’ என்றும் சொல்லலாம், ‘டேக் தி நீடில் அவுட்’ என்றும் சொல்லலாம். பெயருக்குப் பதில் ‘இட்’ வந்தால் அது நடுவில்தான் நிற்கும். ‘டேக் அவுட் இட்’ என்பது வழக்கில் இல்லை. இலக்கணப் புத்தகங்கள் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். ஏன் என்று தெரியாமல் மனப்பாடம் செய்த விதி, அவசரத்தில் கைகொடுப்பதில்லை.

காரணம் அழுத்தத்தில் இருக்கிறது. இங்கிலீஷ் வாக்கியத்தின் கடைசி இடம் கனமான இடம், புதிய செய்திக்குரியது. ‘இட்’ என்பது இருவருக்கும் ஏற்கெனவே தெரிந்த பொருள், அதற்குக் கனம் கிடையாது. ஆகவே அது வினையின் மேல் சாய்ந்துகொள்ள, ‘அவுட்’ கடைசியில் நின்று அழுத்தம் வாங்கிக்கொள்கிறது. ‘லெட் ஹிம் அவுட்’டில் ‘ஹிம்’ தன் முதல் ஒலியையும் இழந்து ‘லெட்டிமவுட்’ ஆகிவிடும். ‘ஹிம்’ எங்கே போயிற்று என்று என் மாணவிகள் தேடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த வாக்கியம் கடந்துபோயிருக்கும்.

இதைச் சொல்லிக்கொடுக்க எனக்கு வழி காட்டியது நம் புணர்ச்சி இலக்கணம். இதைச் சொல்லும்போது இன்றும் எனக்கு உற்சாகம் பொங்கும். தனிக்குறிலை அடுத்த ஒற்று, உயிர் வந்தால் இரட்டும் என்பது பள்ளியில் எல்லோரும் படித்தது. கல்லும் எறிந்தானும் சேர்ந்தால் கல்லெறிந்தான். அதே கணக்கில் ‘இட்’டும் ‘அவுட்’டும் சேர்ந்தால் ‘இட்டவுட்’. ‘த்ரோ’வின் கடைசியில் ஓகாரம் இருப்பதால், ‘இட்’ வரும்போது நம் உடம்படுமெய்ப்படி வகரம் தோன்றும்: ‘த்ரோவிட்டவுட்’. ‘கேரி’ இகரத்தில் முடிவதால் யகரம்: ‘கேரியிட்டவுட்’. இங்கிலீஷ்காரர்கள் வேகமாகப் பேசும்போதும் அந்த இடங்களில் ஏறக்குறைய அதே வகரமும் யகரமும்தான் ஒலிக்கின்றன. “மக்களே, தமிழ்ல எழுதிப் பாருங்க” என்று கரும்பலகையில் எழுதிக் காட்டினால், அதுவரை காதில் விழாதது விழத் தொடங்கும். இலக்கண வகுப்பில் இங்கிலீஷைத் தமிழ் எழுத்தில் எழுதக் கூடாது என்பவர்களோடு எனக்கு இந்த ஒரு விஷயத்தில் உடன்பாடில்லை.

அடுத்த சிக்கல் ‘கெட் இட் அவுட்’, ‘கெட் அவுட் ஆஃப் இட்’ இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. ஒன்றில் ‘இட்’ நடுவில், மற்றதில் கடைசியில். இதற்கு வேற்றுமை உதவுகிறது. தமிழில் முதலில் நினைத்துப் பாருங்கள் என்பேன். ‘அதை வெளியே எடு’ என்றால் இரண்டாம் வேற்றுமை, வெளியே வருவது அந்தப் பொருள், ஆகவே நடு இடம். ‘அதிலிருந்து வெளியே வா’ என்றால் ஐந்தாம் வேற்றுமை, வெளியே வருவது ஆள். அந்த ‘இருந்து’வின் வேலையை ‘ஆஃப்’ செய்கிறது, ‘இட்’ அதன் பின்னால்தான் போகும். தமிழில் ‘அதை வெளியே எடு’ என்றாலும் ‘வெளியே எடு அதை’ என்றாலும் ஒன்றுதான். அந்தச் சுதந்திரம் இங்கிலீஷ் ‘இட்’டுக்கு இல்லை என்பதை ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என இரண்டு இடமும் ஒரே வாக்கியத்தில் நிரம்புவதும் உண்டு. ‘டோண்ட் டேக் இட் அவுட் ஆன் மீ’ என்று ஒரு நோயாளியின் மகள் சொன்னால், அங்கே எடுக்க ஊசியும் இல்லை, குழாயும் இல்லை. ‘உன் ஆத்திரத்தை என் மேல் காட்டாதே’ என்கிறாள். உள்ளே அடைந்து கிடக்கும் கோபத்தை வெளியே எடுத்து ஒருவர் மேல் கொட்டுவதாக நினைத்துப் பார்த்தால் ‘அவுட்’டும் புரியும், ‘ஆன்’னும் புரியும். வார்டில் இதைப் புரிந்துகொள்வது, சரியாகப் பேசுவதைவிட முக்கியம் என்று நினைக்கிறேன். ஆறுதல் சொல்ல வேண்டிய இடத்தில் ‘எதை எடுக்கணும்?’ என்று கேட்டு நிற்க நேரக் கூடாது.

இந்தப் பருவத்து வகுப்பில் பேச்சு ‘ரூல் அவுட்’டுக்கு வந்தது. கேஸ் ஷீட்டில் டாக்டர்கள் ஓயாமல் எழுதுவது, ஒரு நோய் இல்லை என்று உறுதிசெய்யச் சொல்வது. “டீச்சர், நாங்க ‘ரூல் அவுட் டெங்கு’ன்னுதான் சொல்லியிருக்கோம். ‘இட்’ போட்டுச் சொன்னதே இல்லையே” என்றாள் ஒருத்தி. பலகைக்கு வரச் சொன்னேன். ‘ரூல்’, ‘இட்’, ‘அவுட்’ என்று தனித்தனியே எழுதி, சேர்த்துச் சொல்லிப் பார்த்தாள். ‘ரூலிட்டவுட்’. பிறகு, டாக்டரிடம் கேட்பதுபோல முழுக் கேள்வியாகச் சொன்னாள்: “ஹேவ் வீ ரூல்டு இட் அவுட், டாக்டர்?” அழுத்தம் ‘அவுட்’டின் மேல் சரியாக விழுந்தது. மற்றவர்களும் தங்கள் வார்டுகளில் அன்றாடம் காதில் விழும் ‘அவுட்’களை ஒவ்வொன்றாகச் சொல்ல, அந்த மாலை முழுதும் அதிலேயே போயிற்று.